பெடல் எறங்குதுன்னா எப்படி எறங்குது? மலையில ஓடுற பழைய காரோட பிரேக் சமாச்சாரம்

போன ஜனவரில பொங்கல் முடிஞ்ச வாரம் குன்னூர்ல இருந்து மேட்டுப்பாளையம் எறங்கிட்டு இருந்தேன். வண்டியில அம்மா, தங்கச்சி, மாப்ள, அவங்க பையன், டிக்கி நிறைய மூட்டை முடிச்சு. முன்னாடி ஒரு கேரட் லாரி ஊர்ந்து போகுது, ஓவர்டேக் பண்ண எடமில்ல, நானும் மூணாவது கியர்லயே சோம்பேறித்தனமா விட்டுட்டு பிரேக்க தொட்டு தொட்டு அது பின்னாடியே போறேன். காட்டேரி தாண்டி நாலஞ்சு கொண்டை ஊசி ஆச்சு, அடுத்த வளைவுக்கு முன்னாடி மிதிச்சா பெடல் வழக்கமா நிக்குற எடத்துல நிக்காம பாதிக்கும் கீழ போயிருச்சு, ஈரப் பஞ்ச மிதிச்ச மாதிரி. எடுத்துட்டு மறுபடி மிதிச்சேன், கொஞ்சம் மேல வந்துச்சு. மூணாவது மிதிக்கு புடிச்சிருச்சு. யாருகிட்டயும் ஒண்ணும் சொல்லல, ரெண்டாவது கியருக்கு மாத்தி மெதுவா எறக்கி, பர்லியார் வந்ததும் ஓரங்கட்டி டீ சாப்பிடலாம்னேன். அம்மா மட்டும் என் மூஞ்சிய ஒரு தடவ பாத்துட்டு "ஏண்டா, ஏதோ தீயுற வாசம் வருதே"ன்னாங்க.

முக்கால் மணி நேரம் அங்கயே உக்காந்துட்டு வந்து மிதிச்சுப் பாத்தா பெடல் கல்லு மாதிரி நிக்குது, ஒண்ணுமே நடக்காத மாதிரி!

மூணு நாள் கழிச்சு பட்டறைக்குப் போனேன். அங்க இருந்த பையன் மிதிச்சுப் பாத்துட்டு "நல்லாத்தானேண்ணா இருக்கு, எதுக்கும் பேட் மாத்தி ஏர் எடுத்துடுவோம்"னான், ஏர் எடுக்குறதுன்னா பிரேக் லைன்ல புகுந்த காத்த வெளியேத்துறது. சரின்னு மாத்துனோம், காசும் குடுத்தாச்சு, அடுத்த தடவ கீழ எறங்குறப்போ அதே எடத்துக்குப் பக்கத்துல அதே பஞ்சு. அந்தப் பையன குத்தம் சொல்ல முடியாது, ஆறிப்போன பிரேக்க கொண்டுபோய் குடுத்துட்டு சூட்டுல மட்டும் வர்ற வியாதிய கண்டுபுடின்னா அவன் என்ன பண்ணுவான், டாக்டர்கிட்ட போய் உக்காந்ததும் காய்ச்சல் எறங்கிடுற கதை தான். தப்பு என்னோடது. "பிரேக் சாஃப்ட்டா இருக்கு, தீயுற வாசம் வருது"ன்னு மட்டும் சொன்னேன், எப்ப, எப்படி, எத்தன மிதிக்கு அப்புறம்னு சொல்லல.

சாஃப்ட்ங்கறது ஒரு வியாதி இல்ல, நாலஞ்சு வியாதிக்கு நாம வச்சிருக்குற ஒரே பேரு. நாலஞ்சும் காலுக்கு வேற வேற மாதிரி தெரியும், ஸ்பேனர எடுக்குறதுக்கு முன்னாடி காலால கண்டுபுடிச்சிடலாம், ஆனா நம்ம ஊர்ல பெடல் கொஞ்சம் எறங்குச்சுன்னா ஒடனே ஏர் எடு, ஏர் எடுன்னு ஆரம்பிச்சுடறோம்.

மொதல்ல பெடலுக்குள்ள என்ன நடக்குதுன்னு பாத்துடலாம். நாம மிதிக்குறது மாஸ்டர் சிலிண்டர்ல இருக்குற பிஸ்டன தள்ளுது, அது பிரேக் ஆயில தள்ளுது, ஆயில் பைப் வழியா போய் முன்னாடி டிஸ்க் பேடையும் பின்னாடி டிரம் ஷூவையும் அழுத்துது. திரவத்த அமுக்கி சின்னதாக்க முடியாது, அதனாலதான் காலுல குடுக்குற அழுத்தம் அப்படியே சக்கரத்துக்குப் போகுது. காத்தோ ஆவியோ நடுவுல வந்துட்டா அத அமுக்கலாம், சைக்கிள் பம்ப் ஓட்டைய விரலால அடைச்சுட்டு அழுத்திப் பாத்திருப்பீங்கள்ல, அதே மெத்து. மாஸ்டர் சிலிண்டர் ஒரு மிதிக்கு தள்ளுற ஆயிலே சில ஸ்பூன் அளவுதான், அதுல கொஞ்சூண்டு குமிழி இருந்தாலே பாதி மிதி அத அமுக்குறதுலயே போயிரும்.

இப்ப காலு சொல்ற கதைக்கு வருவோம். காலைல வண்டி எடுக்குறப்பவே பஞ்சா இருக்கு, ரெண்டு மூணு தடவ வேகமா மிதிச்சா மேல ஏறி கெட்டியாகுது, கொஞ்ச நேரம் விட்டா மறுபடி பஞ்சாகுதுன்னா லைன்ல காத்து இருக்கு, இல்லன்னா பின்னாடி ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவுல சந்து ஜாஸ்தியா இருக்கு. ஒரே அழுத்தத்துல காலை வச்சுட்டே இருந்தா பெடல் கெட்டியா இருந்துட்டு மெதுவா, லிஃப்ட் எறங்குற மாதிரி, கீழ போயிட்டே இருக்குன்னா அது காத்து இல்ல, மாஸ்டர் சிலிண்டருக்குள்ள ஆயில கசிய விடாம அடைக்குற ரப்பர் கப் விட்டுக்குடுக்குது, இல்ல எங்கயோ ஆயில் ஒழுகுது. காலைல ஜம்முன்னு இருக்கு, பத்து வளைவு எறங்குன பிறகு மட்டும் பஞ்சு, ஆறுனா சரியாகிடுதுன்னா ஆயில் கொதிக்குது. எனக்கு வந்தது இந்த மூணாவது. வீல் பேரிங் ஆட்டம் குடுத்தா இன்னொரு கதை, வளைவு முடிஞ்சு மொத மிதி மட்டும் பள்ளத்துல போகும், ரெண்டாவது மிதி நார்மல், ஏன்னா ஆடுற டிஸ்க் பேட பின்னாடி தள்ளி விட்டுருது.

இதுல ஒண்ண தனியா பிரிச்சு வச்சுக்கணும், மலையில நெறைய பேரு கொழப்பிக்குற எடம் இது. எறக்கத்துல பிரேக் போறது ரெண்டு விதம். பெடல் கெட்டியா மேலயே இருக்கு, முழு பலம் குடுத்து மிதிச்சாலும் வண்டி நிக்கல, வாசம் மட்டும் வருதுன்னா பேட், லைனிங் சூடாகி புடிமானம் போச்சுன்னு அர்த்தம். பெடலே உள்ள போகுதுன்னா ஆயில். மொதல் விதத்துக்கு பேட் மாத்துறது சரியான வைத்தியமா இருக்கலாம், ரெண்டாவதுக்கு நீங்க தங்கத்துல பேட் போட்டாலும் பிரயோஜனம் இல்ல. எனக்கு வாசமும் வந்துச்சு பெடலும் போச்சு, நான் பட்டறையில வாசத்த பத்தியே பேசிட்டு இருந்தேன், அவன் பேட மாத்திட்டான்.

இவ்வளவு சூடு எங்க இருந்து வருதுன்னு ஒரு கணக்கு போட்டுப் பாத்தேன். குன்னூர் சுமார் 1,850 மீட்டர் ஒசரம், மேட்டுப்பாளையம் முன்னூத்தி சொச்சம், ஆக 1,500 மீட்டர் எறங்குறோம். ஆளும் மூட்டையும் சேத்து வண்டி 1,100 கிலோன்னு வச்சா, அந்த ஒசரத்துல இருந்து எறங்குறப்போ வெளிய வர்ற சக்தி 16 மெகா ஜூல் பக்கம் வருது. இத தண்ணி கணக்குல சொன்னா, 45, 50 லிட்டர் பச்சத்தண்ணிய கொதிக்க வைக்குற சூடு. டயர் உருளுறது, காத்து மோதுறது, இஞ்சின் இழுத்துப் புடிக்குறது எல்லாம் பங்கு போட்டுக்கும்தான், ஆனா இஞ்சினோட பங்க நியூட்ரல்ல போட்டோ பெரிய கியர்ல விட்டோ நாமளே தட்டி விட்டா மிச்சம் முழுக்க நாலு சக்கரத்து பிரேக் தலையில விழும். கேரட் லாரி பின்னாடி நான் பண்ணுனது அதைத்தான். எந்த கியர்ல ஏறுவியோ அதுலயே எறங்குன்னு இங்க சொல்றது சும்மா பெரியவங்க வாய்க்கு வந்தத சொல்றது இல்ல, ஆயில கொதிக்க விடாம காப்பாத்துற கணக்கு.

நம்ம மலை ரயில பாத்தாலே இது தெரியும், 1899ல குன்னூர் வரைக்கும் வந்த லைன், கல்லாறுல இருந்து குன்னூர் வரைக்கும் பல் சக்கரம், இஞ்சின் எப்பவும் பள்ளத்துப் பக்கம் நிக்குது, அது போதாதுன்னு ஒவ்வொரு பெட்டிக்கும் பிரேக் போட ஆள் நிக்குறாரு. எறங்குறதுதான் ஏறுறத விட பெரிய வேலைன்னு அந்தக் காலத்துலயே புரிஞ்சு வச்சிருக்காங்க.

சரி, ஆயிலுக்கு வருவோம். ஆயில்னு சொல்றோமே தவிர அது எண்ணெய் கிடையாது, கிளைகால் வகை திரவம். காத்துல இருக்குற ஈரத்த உறிஞ்சுறது அதோட குணம், உப்பு ஜாடி மழைக்காலத்துல கசகசன்னு ஆகுற மாதிரி. டாட் 3ன்னு எழுதியிருக்குற ஆயில் புதுசா இருக்குறப்போ கொறஞ்சது 205 டிகிரி வரைக்கும் கொதிக்கக் கூடாது, அதுவே 3.7 சதவீதம் தண்ணி சேந்துட்டா 140 டிகிரி தாங்குனா போதும்னு ஸ்டாண்டர்டு சொல்லுது. டாட் 4க்கு 230, தண்ணி சேந்தா 155. டாட் 5.1க்கு 260, 180. நூத்துல நாலு பங்கு கூட தண்ணி இல்ல, அதுக்கே டாட் 3ல 65 டிகிரி காணாமப் போகுது. நம்ம ஊரு ஈரத்தப் பத்தி சொல்லவே வேணாம், தென்மேற்கும் நனைக்கும், ஐப்பசி கார்த்திகையும் நனைக்கும், நடுவுல மேகம் வீட்டுக்குள்ளயே வந்துட்டுப் போகும். ரிசர்வாயர், அதாவது பிரேக் ஆயில் ஊத்தி வைக்குற டப்பா, அதோட மூடியில இருக்குற சின்ன ஓட்டை வழியாவும் ரப்பர் ஹோஸ் வழியாவும் ஈரம் உள்ள போயிட்டே இருக்கு, கிலோமீட்டர் ஓடலன்னாலும் போகும். அதனாலதான் ஓடுனாலும் ஓடாட்டியும் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ முழுசா மாத்தணும்ங்கறது.

என் வண்டியில எப்ப மாத்துனேன்னு யோசிச்சா ஞாபகமே வரல. மொதல் தடவ பட்டறையில ஏர் எடுத்தாங்களே, அப்போ ஒவ்வொரு சக்கரத்துலயும் நாலு சொட்டு விட்டுட்டு நிறுத்திட்டாங்க, உள்ள இருந்தது எல்லாம் அதே பழசு. இத கண்டுபுடிச்சது எங்க மாமா. எஸ்டேட்ல முப்பது வருஷம் ஜீப் ஓட்டுனவரு, இப்ப கண்ணு சரியில்ல, வண்டிய தொடுறது கூட இல்ல. நான் கதைய சொல்லி முடிச்சதும் "ஆறுன பின்னாடி தானா சரியாச்சா? மாப்ள, அப்ப ஆயில எடுத்து வெளிச்சத்துல பாரு"ன்னாரு. ஒரு சிரிஞ்சுல ரிசர்வாயர்ல இருந்து கொஞ்சம் உறிஞ்சி கண்ணாடி டம்ளர்ல விட்டுப் பாத்தா டீ டிகாஷன் கலரு. புதுசு லேசான தேன் கலரா இருக்கும். கலர வச்சு மட்டும் தண்ணி எவ்வளவுன்னு சொல்ல முடியாது, ஆனா டிகாஷன் ஆகுற வரைக்கும் விட்டுருக்கோம்னா வருஷக்கணக்காச்சுன்னு தெரியும்ல.

ஒரு எச்சரிக்கை, மூடியில டாட் 3, டாட் 4 எதுன்னு போட்டிருக்கோ அதுதான், டாட் 3 வண்டிக்கு டாட் 4 ஊத்தலாம், தப்பில்ல. டாட் 5ங்கறது சிலிகான், அது வேற ஜாதி, இதுல கலக்கவே கூடாது, 5.1னு எழுதியிருந்தா அது கிளைகால் வகை. இஞ்சின் ஆயிலோ பவர் ஸ்டியரிங் ஆயிலோ அவசரத்துக்குன்னு ஊத்துனீங்கன்னா ரப்பர் எல்லாம் ஊதிப்போயி மாஸ்டர்ல இருந்து வீல் சிலிண்டர் வரைக்கும் மொத்தமா மாத்த வேண்டி வரும். அலமாரியில மூடி தெறந்து ஆறு மாசமா கிடக்குற பாட்டிலும் வேணாம், அது அங்க உக்காந்தே ஈரத்த குடிச்சிருக்கும். பெயிண்ட் மேல கொட்டுனா ஒடனே தண்ணி ஊத்தி கழுவுங்க, இல்லன்னா பெயிண்ட் உரிஞ்சிரும்.

மாத்துற அன்னைக்கு பெடல் மிதிக்க ஆள் இல்ல, அம்மாவ உக்கார வச்சேன், ஸ்வெட்டர், மங்கி கேப்போட டிரைவர் சீட்ல. எங்க வீட்டு வாசல் சரிவு, நீலகிரில சமதளம் தேடுறது பொண்ணு தேடுறத விட கஷ்டம், கடைசில பக்கத்து கோயில் முன்னாடி இருந்த தளத்துல நிறுத்தி, நாலு சக்கரத்துக்கும் கல்லு வச்சு, மாஸ்டர் சிலிண்டருக்கு ரொம்ப தூரத்துல இருக்குற சக்கரத்துல இருந்து, அதாவது பின்னாடி இடது பக்கத்துல ஆரம்பிச்சோம். சில வண்டிக்கு வரிசை மாறும், அந்த வண்டியோட மேனுவல்ல என்ன இருக்கோ அதுதான் சரி. ஒவ்வொரு சக்கரத்து பிரேக்லயும் ஆயில வெளிய விடுறதுக்குன்னு இருக்குற நிப்பிள்ல ஒரு டிரான்ஸ்பரண்ட் டியூப் சொருகி, மறுமுனைய கொஞ்சம் ஆயில் இருக்குற பாட்டிலுக்குள்ள முக்கி வச்சுட்டு, "அமுக்குங்கம்மா", "புடிச்சிருக்கேண்டா", நிப்பிள கால் சுத்து தொறக்குறேன், பழுப்பா வருது, மூடுறேன், "இப்ப விடுங்க". மூடுறதுக்கு முன்னாடி காலை எடுத்தா வெளிக்காத்து உள்ள போயிரும், அது ஒண்ணுதான் இதுல சூட்சுமம். முப்பது தடவைக்கு மேல ஆச்சு ஒரு சக்கரத்துக்கே, பழுப்பு மாறி தேன் கலர் வர்ற வரைக்கும். ரிசர்வாயர் காலியாகாம பாத்துக்கிட்டே இருக்கணும், ஒரு தடவ அது வறண்டு காத்த இழுத்துச்சுன்னா மறுபடி மொதல்ல இருந்து.

துரு புடிச்ச நிப்பிள முரட்டுத்தனமா திருகாதீங்க, முறிஞ்சா டிஸ்க் பேட புடிச்சிருக்குற அந்த கேலிப்பரே போச்சு, மொத நாள் ராத்திரியே துரு விடுற ஆயில் அடிச்சு ஊற விடுங்க. இன்னொண்ணு, நிப்பிள் கேலிப்பரோட மேல் பக்கத்துல இருக்கணும். யாராவது கழட்டி மாட்டுறப்போ வலது எடது மாத்திப் போட்டு நிப்பிள் அடியில வந்துருச்சுன்னா நீங்க ஒரு டிரம் ஆயில் ஊத்தி ஏர் எடுத்தாலும் மேல தங்கி இருக்குற குமிழி வெளிய வராது, நாள் பூரா மிதிச்சு கால்தான் வலிக்கும்.

இவ்வளவும் பண்ணி முடிச்சு பாத்தா இன்னொரு கூத்து. பெடல் ஒசரமா கெட்டியா வந்துச்சு, ஆனா ரெண்டு வாரத்துல காலை வச்சுட்டே இருந்தா மெல்ல எறங்க ஆரம்பிச்சுருச்சு. சிக்னல்ல இல்ல, நம்ம ஊர்ல சிக்னல் எங்க, பெட்ரோல் பங்க் வரிசையில சரிவுல நிக்குறப்போ தெரிஞ்சது. நான் பண்ணுன வேலையாலயே வந்தது இது. தினசரி ஓட்டத்துல மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டன் மேல் பாதியிலதான் போயி வரும், கீழ் பாதி வருஷக்கணக்கா தொடாம கிடந்து, ஈரம் சேந்த ஆயில்ல துருவும் அழுக்கும் புடிச்சிருக்கும். ஏர் எடுக்குறேன்னு தரை வரைக்கும் மிதிக்க மிதிக்க அந்தப் பழைய ரப்பர் கப் சொரசொரப்பு மேல போயி கிழிஞ்சிருது. பழைய வண்டியில ஏர் எடுக்குறப்போ பெடலுக்கு அடியில ஒரு மரக்கட்டைய வச்சு முழுசா எறங்க விடாம பண்ணணும், இத மாமா அப்புறமா சொன்னாரு, முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல! ரப்பர் கிட் மட்டும் போட்டா மலிவுதான், ஆனா உள்சுவர்ல குழி விழுந்திருந்தா கிட் ரொம்ப நாள் நிக்காது, நான் முழு மாஸ்டரையே மாத்திட்டேன், இந்தத் தடவ ஏர் எடுத்தது மரக்கட்டையோட.

ஒழுகல் வெளிய தெரியாமலும் இருக்கும். ரிசர்வாயர் கொறையுது, தரையில சொட்டு இல்லன்னா மாஸ்டரோட பின்பக்க சீல் வழியா பூஸ்டருக்குள்ள, அதாவது நம்ம மிதிக்கு பலம் கூட்டிக் குடுக்குற டப்பாவுக்குள்ள, போகுதான்னு பாக்கணும், மாஸ்டர் பூஸ்டரோட சேர்ற எடத்துல ஈரம் தெரியும். பின்னாடி டிரம்ம கழட்டி வீல் சிலிண்டர் ரப்பர் ஓரத்த லேசா தூக்குனா உள்ள ஈரமா இருந்தா அதுவும் போச்சு. பேட் தேஞ்சாலும் லெவல் கொஞ்சம் எறங்கும், அதுக்கெல்லாம் பயப்பட வேணாம்.

பின்னாடி டிரம்முக்கு ஒரு சுலபமான சோதனை இருக்கு. பெடல் பள்ளமா இருக்குறப்போ ஹேண்ட் பிரேக்க நல்லா இழுத்துட்டு மிதிச்சுப் பாருங்க. பெடல் சட்டுன்னு ஒசந்து கெட்டியாச்சுன்னா ஆயில்ல குத்தம் இல்ல, ஷூ டிரம்முல இருந்து ரொம்ப தள்ளி நிக்குது, அத தொடுறதுக்கே பாதி மிதி போகுது. தானா அட்ஜஸ்ட் ஆகுற வண்டியிலயும் நம்ம ஊரு ஈரத்துக்கு அந்த அட்ஜஸ்டர் துருப்புடிச்சு அசையாம நின்னுரும். நாலு சக்கரத்துக்கும் டிரம் வச்ச பழைய அம்பாசடர், பியட் மாதிரி வண்டியில இது இன்னும் ஜாஸ்தி தெரியும், ஏன்னா சூட்டுல டிரம் விரிஞ்சு ஷூவ விட்டு தள்ளிப் போகும், எறக்கத்துல பெடல் நீளமாகும், அது ஆயில் கொதிக்காமயே நடக்குற விஷயம்.

ஹோஸ பாக்குறது ஈஸி, ஒருத்தர் மிதிக்க இன்னொருத்தர் ரப்பர் ஹோஸ கையால புடிச்சுப் பாத்தா ஊதுறது தெரியும், வெடிப்பு இருந்தாலே மாத்திடுங்க.

பூஸ்டர மட்டும் தப்பா சந்தேகப்படாதீங்க. இஞ்சின ஆஃப் பண்ணிட்டு நாலஞ்சு தடவ மிதிச்சு பெடல் கெட்டியானதும் காலை அழுத்தி வச்சுட்டே ஸ்டார்ட் பண்ணா பெடல் கொஞ்சம் எறங்கணும், அப்படி எறங்குனா பூஸ்டர் நல்லா இருக்குன்னு அர்த்தம், நெறைய பேரு இதையே கம்ப்ளைண்ட்டா கொண்டு போறாங்க. அப்புறம் ஊட்டி 2,240 மீட்டர், அங்க காத்தழுத்தம் கடற்கரையில இருக்குறதுல முக்கால் பங்கு பக்கம்தான், பூஸ்டர் வேலை செய்யுறதே அந்தக் காத்தழுத்தத்த வச்சுத்தான், அதனால கோயம்புத்தூர்ல இருந்து மேல வர்றவங்களுக்கு பிரேக்க கொஞ்சம் அழுத்தி மிதிக்கணும்னு தோணலாம். அது வண்டியோட குத்தம் இல்ல, மலையோடது.

எறக்கத்துல நிஜமாவே பெடல் போயிருச்சுன்னா வேகமா மிதிச்சு விட்டு மிதிச்சு விட்டு பம்ப் பண்ணுங்க, கியர ஒவ்வொண்ணா கொறைங்க, ஹேண்ட் பிரேக் தனி கேபிள்ல வேலை செய்யுறதால அத பட்டன அழுத்திப் புடிச்சுட்டே கொஞ்சம் கொஞ்சமா இழுங்க, சாவிய மட்டும் திருப்பாதீங்க, ஸ்டியரிங் லாக் ஆயிடும். நின்ன பிறகு சூடா இருக்குற டிஸ்க் மேல தண்ணி ஊத்தாதீங்க, பர்லியார்ல அன்னைக்கு ஒருத்தர் பக்கெட்டோட உதவிக்கு வந்தாரு, கும்பிட்டு அனுப்பி வச்சேன்.

மாஸ்டர் மாத்துன பிறகு வேணும்னே ஒரு தடவ ஆள் ஏத்திட்டு மேட்டுப்பாளையம் எறங்குனேன், ரெண்டாவது கியர்லதான், பர்லியார்ல நிறுத்தி சூட்டோட சூடா அரை நிமிஷம் மிதிச்சுப் புடிச்சேன். நின்ன எடத்துலயே நின்னுச்சு. ஆயில் மாத்துன மாசமும் வருஷமும் மார்க்கர்ல ரிசர்வாயர் மூடி மேல எழுதி வச்சிருக்கேன், பானட் தொறக்குற மெக்கானிக் யாரா இருந்தாலும் மொதல்ல கண்ணுல படுற மாதிரி.